தங்கேஸ்வரி எடுத்த படம்

எங்கள் பஜாரில் யார் இறந்தாலும், வீட்டாருக்கு அடுத்தபடியாகச் செய்தி எனக்குத்தான் வரும். கரவனெல்லையில் நான் நடத்துவது ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, அடையாள அட்டைப் படம், கலியாணக் கார்டு, மரண அறிவித்தல் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். அதோடு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபராகவும் இருக்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்கு முன்பே ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பொலித்தீன் சிலிசிலி பேக்.

"மாமா, மரண அறிவித்தல் ஒன்னு அடிக்கணுங்க."

எனக்கு இது அன்றாட வேலை. "அடையாள அட்டை கொண்டாந்தீங்களா?" என்று கேட்டபடி கொம்பியூட்டரைப் போட்டேன். அவள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதிலிருந்த முகம் என் கடையில், என் நீலத் திரைக்கு முன்னால், நான் எடுத்த முகம். தங்கேஸ்வரி.

வந்தவள் அவர் மகள் சுபாஷினி. எலிக்காய்ச்சல் என்றாள். உடம்பு வலி என்று நாலு நாள் குளிசை போட்டுக்கொண்டே இறப்பர் பால் வெட்டப் போயிருக்கிறார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கிட்னி இரண்டும் நின்றுபோயிருந்தன. நாற்பத்தாறு வயது. அதற்கு இரண்டு ஞாயிறுக்கு முன்புதான் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு வாரமாகக் கடைப்பக்கம் வரவில்லையே என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

பெயர், வயது, அடக்கம் செய்யும் நேரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு சுபாஷினி என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் தொங்கியது. அந்தரத்தில் பறக்கும் மோட்டார் சைக்கிள்.

"அந்தப் படத்தையும் கீழ சின்னதா போடலாமா மாமா? எங்க வீட்டு செவுத்துலயும் பேப்பருல வெட்டி ஒட்டியிருக்கு. அம்மாவுக்கு அந்தப் படம்னா உசுரு. 'எங்க அண்ணே எடுத்தது'ன்னு வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் காட்டும்."

அந்த அண்ணன் நான்தான்.

தங்கேஸ்வரியோடு ஒரே மலையில் பால் வெட்டியவர்கள், ரேஸ் நாட்களில் பார்வையாளர் மேட்டில் அவரைக் கமராவோடு கண்டவர்கள், "அக்கே, எனக்கும் ஒரு படம்" என்று அவரிடம் கேட்டு வாங்கிய ஓட்டக்காரர்கள், எல்லாரும் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். உங்களிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சம் முழுக்க என்னைப் பற்றியதாகிவிடும். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அதனால் முதலில் அவரைப் பற்றி.

அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஆறேழு வருடத்துக்கு முன்பு. வளைகுடா நாடொன்றில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரேஸ் பைத்தியம். அவர்களைக் கார் ரேஸ் பார்க்கக் கூட்டிப்போகும்போதெல்லாம் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு இவரும் போவாராம். மூத்த பையன் புதுக் கமரா வாங்கியதும் பழையதை இவர் ஊருக்குக் கிளம்பும் அன்று கையில் கொடுத்திருக்கிறான். "கூட வந்தவளுக எல்லாம் சங்கிலியும் வளையலுமா கொண்டாந்தாளுக. நான் இதக் கொண்டாந்தேன்னு எங்க மாமியா இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கு" என்று சொல்லி அந்தக் கமராவை என் மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் இறப்பர் உரிந்து, பொத்தானில் எழுத்து அழிந்து போன சாமான். அதோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸைப் பார்த்து நான் உதட்டைப் பிதுக்கினேன்.

முதல் தடவை கொண்டுவந்த படங்களைத் திறந்து பார்த்தபோது வாய்விட்டே சிரித்தேன். ஒன்றில் பாதிச் சில்லு, ஒன்றில் யாரோ ஒருவரின் குடை, மிச்சமெல்லாம் வெறும் புழுதி. "தங்கச்சி, ரேஸுக்குப் போனீங்களா, ரோடு போடுற எடத்துக்குப் போனீங்களா?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். "வண்டி போனப்புறம் அமுக்கியிருக்கேன் அண்ணே. அந்தக் கமரா கொஞ்சம் தூங்கி முழிக்குது. இனிமே வண்டி வர முந்தியே அமுக்குறேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் பாதிச் சில்லு முழுச் சில்லாகியிருந்தது.

இவர் எப்படிப் படித்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது ஒரு மழைக்காலத்தில். மழையால் பால்வெட்டு நின்றுபோவதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத அவர் வேலை செய்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். அன்று காலை மழை விட்டிருந்தது. அவர் ஒரு மரத்தின் முன் நின்று கத்தியை வைத்தார். பட்டையில் மேலிருந்து கீழாகச் சரிந்து, மரத்தைப் பாதி சுற்றி வரும் கோடு அது. கத்தி அந்தக் கோட்டில் இறங்க இறங்க அவர் இடுப்பும் காலும் சேர்ந்து திரும்பின. எங்கேயும் நிற்கவில்லை. கோட்டின் முடிவில் சிரட்டைக்குள் பால் சொட்டத் தொடங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்து, "ரேஸ் படம் எடுக்குறதும் இதுதாங்க" என்றார். நான் விளங்காமல் நின்றேன். "வண்டி வர்றப்பவே கமராவால புடிச்சிரணும். அது போற வேகத்துலயே நம்ம ஒடம்பும் திரும்பணும். அமுக்கினப்புறமும் நிக்கக்கூடாது. கத்தி நடுவுல நின்னா மரத்துக்குக் காயம். அதே மாதிரிதான்."

நான் ஊடக அங்கி போட்டுக்கொண்டு ஓடுபாதைக்கு உள்ளே நின்று பத்து வருடமாகப் படம் எடுக்கிறேன். கமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்து, வண்டியைக் கல்லில் அடித்த சிலை மாதிரி நிறுத்திவிடுவேன். தங்கேஸ்வரி வேகத்தைக் குறைத்து வைப்பார். அவர் படத்தில் ஓட்டுகிறவனின் முகக்கவசத்தில் இருக்கும் சேற்றுப் புள்ளி வரை தெரியும். அவனுக்குப் பின்னால் மரம், மனிதர், குடை எல்லாம் கரைந்து கோடு கோடாக ஓடும். பார்த்தால் காதில் இரைச்சல் கேட்கும்.

வசதி என்று அவரிடம் ஒன்றும் கிடையாது. வெயில் லென்ஸுக்குள் விழாமல் இருக்க, பால் பிடிக்கும் சிரட்டை ஒன்றின் அடியை அறுத்து, உள்ளே கறுப்பு மை பூசி, லென்ஸின் வாயில் மாட்டியிருந்தார். அது கழன்று விழாமல் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டி. கமரா தானாகக் குறி வைப்பதற்குள் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பதால், ஓடுபாதையில் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்து வைத்து, முன்கூட்டியே அதற்குக் குறியைச் சரிசெய்து இன்னொரு டியூப் பட்டியால் லென்ஸை இறுக்கிவிடுவார். வண்டி கல்லுக்கு வரும்போது அமுக்குவார். கம்பி வலைக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி வைப்பார். வலை படத்தில் மறைந்து போகும். கூட்டத்தில் யாராவது முன்னால் வந்து மறைத்தால், "மல்லி, பொட்டக் ஐன் வென்ன" என்று சிங்களத்தில் அவ்வளவு பணிவாக விலகச் சொல்வார். கேட்டவர்கள் விலகி நின்று அவருக்குக் குடையும் பிடிப்பார்கள்.

அந்தக் கமராவில் நாலு படம் அடுத்தடுத்து எடுத்தால் அது மூச்சு வாங்கும். மறுபடி தயாராக அரைச் சுற்று நேரம் பிடிக்கும். "அது அசை போடட்டும்" என்பார் தங்கேஸ்வரி. அதனால் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். முதலாவதாக வருகிறவனை அவர் பெரும்பாலும் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன். "அவன எடுக்கத்தான் நீங்க அத்தன பேரும் உள்ள நிக்கிறீங்களே. கடைசியில வர்றவனப் பாக்க அவங்க அம்மா மட்டுந்தான் நிக்கிது" என்றார். எடுத்ததை என் கடையில் அச்சுப்போட்டு, அடுத்த ரேஸில் அந்தந்தப் பையனைத் தேடிப்பிடித்துக் கொடுப்பார். ரம்புக்கனையிலிருந்து ஓப்பநாயக்க வரை எத்தனையோ வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் இருக்கிறது. அதில் பாதி வீட்டுக்காரருக்கு அவர் பெயர் தெரியாது. "ஒரு தமிழ் அக்கா" என்று மட்டும் சொல்வார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, இரத்தினபுரிப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் பாதை வெட்டி மோட்டார் சைக்கிள் ரேஸ் நடந்தது. எரிக்கிற வெயில். நான் செம்மஞ்சள் அங்கிக்கு மேலே, தலையில் ஒரு பச்சைத் துவாயைப் போட்டுக்கொண்டு மற்றப் படப்பிடிப்பாளர்களோடு பாதைக்கு உள்ளே நின்றேன். தங்கேஸ்வரி எங்களுக்கு எதிரே, பார்வையாளர் மேட்டில். கடைசிச் சுற்று. முதலாவது வந்தவன் எங்கள் முன்னால் தாண்டிப் பறந்தான். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்கினோம். அமுக்கிய கையோடு எல்லாரும் தலையைக் குனிந்து, படம் விழுந்திருக்கிறதா என்று கமராவின் முதுகைப் பார்த்தோம். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி.

அந்த நேரத்தில்தான் ஐந்தாவதாக வந்த நாற்பத்தொன்றாம் இலக்கக்காரன் பாதையிலிருந்த மண் திட்டிலிருந்து எழும்பினான். ஓப்பநாயக்கவில் டயர்க் கடையில் வேலை செய்யும் சிங்களப் பையன். வண்டி அந்தரத்தில் குறுக்கே திரும்பிவிட்டது. கால் இரண்டும் வண்டியை விட்டுவிட்டன. கை மட்டும்தான் பிடியில். விழவேண்டியவன் எப்படியோ விழாமல் இறங்கி ஓடிவிட்டான். கூட்டம் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் நாங்கள் நிமிர்ந்தோம். அப்போது புழுதி மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை தங்கேஸ்வரி படங்களைக் கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்தப் படம் வந்ததும் என் கை நின்றது. அவன் அந்தரத்தில் நிற்கிறான். கையுறையின் தையல் தெரிகிறது. பின்னால் உலகமே கோடாக ஓடுகிறது. என்னிடம் இருந்த படங்களோ, மற்ற எல்லாப் பத்திரிகைக்காரரிடமும் இருக்கும் அதே முதலாமவனின் அதே முகக்கவசம். "தங்கச்சி, இதப் பேப்பருக்கு அனுப்பவா?" என்றேன். "அனுப்புங்க அண்ணே. நல்லாருந்தா போடட்டும்" என்றார்.

என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன். ஓட்டியவன் பெயர், இலக்கம், இடம் எல்லாம் எழுதினேன். யார் எடுத்தது என்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறக்கவில்லை. அந்த வரிக்கு வந்து விரல் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நின்ற விரலைத் தூக்கி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்குப் படம் வந்தது. அடியில் என் பெயர்.

அவர் பத்திரிகையோடு வந்தபோது நான் முந்திக்கொண்டேன். "பேரு மாறிப்போச்சு தங்கச்சி. ஆபீஸ்ல பண்ணின வேல. அடுத்த வாரம் திருத்தம் போடச் சொல்றேன்." அது ஒரு பொய், அதற்கு மேலே இன்னொரு பொய். அவர் பதறிப்போய், "ஐயோ வேணாங்க அண்ணே. அந்த ஞாயிறு தோட்டத்துல பால் வெட்டு இருந்திச்சு. காச்சல்னு சொல்லிட்டுத்தான் ரேஸுக்கு வந்தேன். என் பேரு பேப்பருல வந்தா தோட்டத்து ஐயா கூப்புட்டுக் கேப்பாரு" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவர் பத்திரிகையை என் மேசையில் விரித்து, படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். ஓட்டக்காரனுக்குப் பின்னால் செம்மஞ்சளாக ஒரு கலங்கல். அதற்கு மேலே ஒரு பச்சைக் கோடு.

"இது யாரு, தெரியுதுங்களா?"

"யாரு?"

"நீங்கதான். தலையில துவாயப் போட்டுக்கிட்டு, குனிஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க."

சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். நானும் சிரித்தேன். எடுத்தவன் என்று என் பெயர் போட்ட படத்துக்குள் நானே இருக்கிறேன். நாடு முழுக்கப் பார்த்தது, அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். அதை அவர் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததற்கு அவர் பயம் காரணமில்லை, நான்தான் காரணம். எங்கள் மாவட்டத்து நிருபர்கள் கூடி அந்தப் படத்துக்காக எனக்கு மாலை போட்டு ஒரு பாராட்டு மடல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். படத்துக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். அடுத்த ரேஸில் அந்த ஓப்பநாயக்கப் பையன் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு பெரிய கொத்து ரம்புட்டான். என்னைப் போல் ஒருவரும் தன்னை எடுத்ததில்லை என்றும், தன் அம்மா படத்தைச் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்றும் சொல்லி இரண்டு கையாலும் பழத்தை நீட்டினான். தங்கேஸ்வரி எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். கமரா கழுத்தில் தொங்குகிறது, லென்ஸில் சிரட்டை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சிங்களத்தில் சொன்னாலும் ஒரு மூச்சில் முடியும். நான் அவரைப் பார்த்தேன்.

"வாங்கிக்குங்க அண்ணே. பையன் ஆசயாக் கொண்டாந்திருக்கான்" என்றார்.

வாங்கினேன். அவரும் நானும் பஸ்ஸுக்கு நிற்கும்போது உரித்துத் தின்றோம். நல்ல இனிப்பு என்றார்.

மறு வருடம் அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஒரு சிங்களக் குடும்பத்தின் இரண்டு ஏக்கரில் பால் வெட்டப் போனார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்க இனி ஐயாவும் இல்லை, தொரையும் இல்லை. திருத்தம் போட எனக்கிருந்த ஒரே தடையும் போய்விட்டது. நான் போடவில்லை. சட்டம் சுவரிலேயே இருந்தது. அவர் வாரா வாரம் அதன் கீழே நின்றுதான் தம் படங்களை அச்சுக்குக் கொடுத்தார். ஒரு நாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, லேஞ்சித் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். "தூசி படிஞ்சா பையன் மூஞ்சி தெரியல அண்ணே" என்றார். நான் கொம்பியூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

என் மனதுக்கு ஒரு பரிகாரம் தேவைப்பட்டது. ஏற்பாட்டாளர்களிடம் கெஞ்சி, மேலதிகமாக ஒரு செம்மஞ்சள் அங்கி வாங்கி அவருக்குப் போட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போனேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு எனக்கு. கால் மணி நேரம் எங்களோடு நின்றார். பிறகு அங்கியைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றுக்குக் கீழே குனிந்து வெளியே போனார். "உள்ள எல்லாரும் ஒருத்தரு தோள ஒருத்தரு இடிச்சிக்கிட்டு ஒரே எடத்துல நிக்கிறீங்க. அங்க எனக்கு முழு மேடும் இருக்கு. வேணும்னா நீங்க அங்க வாங்க" என்றார். நான் போகவில்லை. அங்கியைக் கழற்ற எனக்கு மனம் வராது.

கடைசியாக நாங்கள் சேர்ந்து போனது அறுவடை முடிந்த ஒரு வயலில் நடந்த ரேஸுக்கு. முதல் நாள் பெய்த மழையில் வயல் சேறாகிக் கிடந்தது. எலிக்காய்ச்சல் அங்கே பிடித்ததா, இறப்பர் மலையில் பிடித்ததா, யாருக்கும் தெரியாது. பிற்பகல் மறுபடி மழை. நாங்கள் அங்கிக்காரர்கள் கூடாரத்துக்குள் ஓடிவிட்டோம். பரிசளிப்பும் முடிந்தது, ஒலிபெருக்கியும் ஓய்ந்தது. மேட்டில் அவர் மட்டும் கமராவுக்குச் சிலிசிலி பேக்கைச் சுற்றிக்கொண்டு கணுக்கால் சேற்றில் நின்றார்.

"தங்கச்சி, பஸ் போயிரும்!"

"இன்னும் ஒருத்தன் இருக்கான் அண்ணே!"

உண்மைதான். இயந்திரம் நின்றுபோன வண்டியை ஒருவன் சேற்றுக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். இவர் உடம்பைத் திருப்பித் திருப்பி அவனை எல்லைக் கோடு வரை எடுத்தார். அவன் நடக்கிற வேகத்துக்குத் திரும்புவது ஓடுகிற வண்டியைப் பிடிப்பதைவிடக் கஷ்டம் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

அந்தப் பஸ்ஸில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "அண்ணே, ஒங்க கடையில மாட்டியிருக்கிற அந்தப் படம்..." என்று தொடங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வந்தவன் மாதிரி தலையைக் கம்பியில் சாய்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார். பிறகு மறுபடி கடலை உடைக்கும் சத்தம் கேட்டது. அவிசாவளையில் பஸ் மாறும்போது நான் முழித்துக்கொண்டதாக நடித்தேன். மீதியிருந்த கடலையை என் கையில் கொட்டினார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ஒருவேளை கண்ணாடியைத் துடைக்கச் சொல்லத்தான் வந்தாரோ என்னவோ.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். சுபாஷினி சுவரைப் பார்த்தபடி என் பதிலுக்காக நிற்கிறாள். நான் ஸ்டூலில் ஏறி அந்தச் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"இது நான் எடுத்த படம் இல்லம்மா. ஒங்க அம்மா எடுத்தது."

அவளுக்கு விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் பச்சைக் கோட்டில் விரலை வைத்து, அவள் அம்மா எனக்குக் காட்டியதை அவளுக்குக் காட்டினேன். இது நான், என் தலையில் துவாய், குனிந்து நிற்கிறேன், என்னை நானே எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்திருக்க முடியாது என்றேன். மாலை, பாராட்டு மடல், ரம்புட்டான் எல்லாம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கையால் தடவிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அம்மா ஏங்க எங்ககிட்டயும் மாத்திச் சொன்னிச்சு?" என்று கேட்டாள்.

நான் மூன்று வருடம் காப்பாற்றிய பொய்யை, என் மானம் போய்விடக்கூடாது என்று, அவர் தம் வீட்டுக்குள்ளேயும் காப்பாற்றியிருக்கிறார். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. நான் அந்தப் பிள்ளையின் முன்னால் அழுதேன். ஐம்பது தாண்டிய மனிதன், ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் அறிவித்தல் அடித்துக் கொடுத்தவன், அன்றைக்கு ஒரு வரி அடிக்கக் கை வராமல் இருந்தேன். கடைசியில் அவள்தான் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தாயின் பெயருக்குக் கீழே 'பால்வெட்டுத் தொழிலாளி, புகைப்படம் எடுப்பவர்' என்று அடித்தாள். சட்டத்தைச் சிலிசிலி பேக்கில் போட்டுக்கொண்டு போனாள்.

அடக்கத்துக்கு ஓப்பநாயக்கப் பையனும் வந்திருந்தான். அறிவித்தலில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். அவனிடமும் சொன்னேன். "ஏ அக்காத கத்தே?" என்றான். அந்த அக்காவா எடுத்தது என்று ஒரே கேள்வி. ஆமாம் என்றேன். என்னை விட்டுவிட்டு நேரே பெட்டிக்குப் பக்கத்தில் போய், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

பாராட்டு மடலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆசிரியருக்கு நடந்ததை எழுதினேன். அவர் என்னைக் கேட்ட கேள்விகள் எனக்குத் தகும். இந்தக் கட்டுரையோடு அந்தப் படத்தை மறுபடி வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த ரேஸுக்கு அங்கி இல்லாமல் போய், மேட்டில் கடைசி ஆள் வரும் வரை நிற்கலாம் என்று இருக்கிறேன். பார்ப்போம், நான் சொன்னதைச் செய்கிறவனா என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கமராவும் சிரட்டையும் சுபாஷினியிடம் இருக்கின்றன. சட்டமும் அவளிடம்தான். என் கடைச் சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. தங்கேஸ்வரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று. அவர் எடுத்த படத்தில் எனக்குக் கிடைத்த இடம். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படத்துக்குக் கீழே போட வேண்டிய வரிகளை இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறேன்:

இலக்கம் 41, கடைசிச் சுற்றில். பின்னால் பச்சைக் கோடாகத் தெரிவது, குனிந்து நிற்கும் இக்கட்டுரையாளர். பார்வையாளர் மேட்டிலிருந்து படம் எடுத்தவர்: முத்தையா தங்கேஸ்வரி.